பேனாவும் கமெராவும் எமது பிள்ளைகளின் கைகளில்

(ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் வாழும் பதின்ம வயதினருக்காக நடத்தப்படும் இலவசக் கோடைகால எழுத்து, ஒளிப்படப் பட்டறையின் பெற்றோர் அறிமுக மாலையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



வேலை முடிந்த களைப்போடு, இரவுச் சாப்பாட்டைப் பிற்போட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறீர்கள் என்பதை நான் அறிவேன். ஆகையால் நீண்ட முகவுரை எதுவும் கூறப்போவதில்லை. எமது பட்டறையில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவத்திலிருந்து தொடங்குகிறேன்.

2023 ஆம் ஆண்டு யூலை மாதத்தின் முதல் வாரம். மாணவர்களுக்கு நாம் வழங்கிய முதற் பயிற்சி மிக எளிமையானது. நாள்தோறும் கடந்து செல்கின்ற, ஆனால் ஒருமுறையேனும் நின்று உற்றுப் பார்த்திராத ஓர் இடத்தைப் படம் பிடித்து வரவேண்டும். பதினைந்து வயது நிரம்பிய ஒரு மாணவன் மிகுந்த சலிப்போடு லோரன்ஸ் கிழக்கு நிலையத்துக்குச் சென்று, ஸ்காபரோ ஆர்.ரி. தொடருந்தைப் படம் பிடித்து வந்தான். தேய்ந்துபோன இருக்கைகள், கதவோரம் சாய்ந்து உறங்கும் ஒரு தொழிலாளியின் சப்பாத்துகள், காலுக்கிடையில் மரக்கறிப் பையை இறுக்கி வைத்திருக்கும் ஒரு மூதாட்டியின் கைகள். "இதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று அவனே எம்மைக் கேட்டான். படங்களின் கீழ் ஆறு வரிகள் மட்டும் எழுதினான். அவையும் முணுமுணுப்போடுதான் எழுதப்பட்டன.

அதே மாதம் 24 ஆம் திகதி மாலை, அந்தத் தொடருந்தின் கடைசிப் பெட்டி தண்டவாளத்தை விட்டு விலகியது. சிலர் காயமடைந்தனர். 1985 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அந்தச் சேவை, அவ்வாண்டு நவம்பரில் மூடப்படுவதாக முன்னரே திட்டமிடப்பட்டிருந்தது. விபத்தின் பின்னர் அது மீண்டும் ஓடவேயில்லை. முப்பத்தெட்டு ஆண்டுகள் ஓடிய ஒரு தொடருந்தின் இறுதி வாரங்கள், சலிப்புற்ற ஒரு சிறுவனின் இருபத்து நான்கு படங்களில் தங்கிவிட்டன.

இந்த மண்டபத்தில் இருக்கும் எம்மவரில் எத்தனை பேர், கனடாவுக்கு வந்த முதல் ஆண்டுகளில், பனியிலும் குளிரிலும் அந்தத் தொடருந்தில் ஏறித் தொழிற்சாலைக்கும் உணவகத்துக்கும் இரவு வேலைக்குச் சென்றிருப்பீர்கள்? அந்த நாட்களின் படம் ஒன்றேனும் உங்களில் எத்தனை பேரிடம் உண்டு? கைகளை உயர்த்தச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். என்னிடமும் ஒன்றுகூட இல்லை.

படமெடுக்காத சமூகம் அல்ல எம்முடையது. பிறந்தநாள், சாமத்திய வீடு, அரங்கேற்றம், திருமணம் என்று நாம் எடுத்த படங்களை அடுக்கினால் இந்த மண்டபம் போதாது. குதிரை வண்டியில் வந்திறங்கும் மணமகனின் படம் இருக்கிறது. அந்த மண்டபத்தின் வாடகைப் பணத்தைச் சேர்ப்பதற்காக அவனுடைய தந்தை இரண்டு வேலை செய்த ஆண்டுகளின் படம் இல்லை. விழாக்கள் பதிவாகியிருக்கின்றன. வாழ்வு பதிவாகவில்லை. கொண்டாட்டங்களைக் குறை சொல்வதற்காக இதனை நான் கூறவில்லை. ஐம்பது ஆண்டுகளின் பின்னர் எமது பேரப்பிள்ளைகள் அப்படங்களை மட்டும் பார்த்தால், தங்கள் பாட்டனும் பாட்டியும் கனடாவில் நாள்தோறும் பட்டுச்சேலையும் பட்டுவேட்டியும் உடுத்தியே வாழ்ந்தார்கள் என்றல்லவா எண்ணிக்கொள்வார்கள்?

இழந்தவற்றை எண்ணிப் பாருங்கள். 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அதனை உலகம் அறியும். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் ஓரிரவில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, எத்தனை வீடுகளின் சுவர்களில் தொங்கிய படங்கள் அப்படியே விடப்பட்டன என்பதற்குக் கணக்கில்லை. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், நகை, மாற்றுடுப்பு. பையில் இடமிருந்தால்தான் அல்பம். 2009 இல் வன்னியிலிருந்து வெளியேறிய பல குடும்பங்களுக்கு அந்தப் பையும் மிஞ்சவில்லை. தன் தாயின் முகத்தை நினைவில் மட்டுமே வைத்திருக்கும் மனிதர்கள் இந்த அவையிலும் இருக்கக்கூடும். அவ்வாறானவர்களின் பிள்ளைகள், நாளொன்றுக்கு நூறு படங்களைக் கைத்தொலைபேசியில் எடுத்து அவற்றில் ஒன்றைக்கூடப் பெயரிட்டு வைக்காமல் விடுகிறார்கள் என்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை. அந்தப் பழக்கத்தை நாம் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை என்ற உறுத்தலே எழுகிறது.

இன்னொன்றையும் இங்கே நினைவூட்ட வேண்டும். 2009 மே 10 ஆம் நாள், தாயகத்தில் எமது உறவுகள் கொல்லப்படுவதைத் தடுத்து நிறுத்துமாறு கோரி, இந்நகரத்தின் கார்டினர் விரைவுச்சாலையில் எம்மவர் ஆயிரக்கணக்கில் இறங்கினர். மறுநாள் இங்குள்ள ஊடகங்களில் பெரிதாகப் பேசப்பட்டது எது? போக்குவரத்து நெரிசலும், குழந்தைகளைத் தள்ளுவண்டிகளில் வைத்து அழைத்து வந்தது சரியா என்ற விவாதமும். அந்தத் தாய்மார் அன்று காலை வீட்டில் எந்தத் தொலைபேசி அழைப்பைக் கேட்டுவிட்டுப் புறப்பட்டார்கள் என்பதை எழுதுவதற்கு எம்மிடையே போதுமான எழுத்தாளர் இருக்கவில்லை. அன்று அங்கே நின்ற இளையோர் எடுத்த படங்களிற் பலவும் பழைய தொலைபேசிகளோடும் பழுதடைந்த கணினிகளோடும் போய்விட்டன. அன்று உணர்ச்சிக்கு எம்மிடம் குறைவிருக்கவில்லை. பயிற்சிதான் போதவில்லை.

இந்தப் பட்டறை அந்தக் குறையை ஓரளவேனும் போக்கும் முயற்சி. இதனை நாம் புதிதாகக் கண்டுபிடித்ததாக உரிமை கோரவில்லை. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் வெண்டி யூவால்ட், 1970 களின் நடுப்பகுதியில் கென்ரக்கி மாநிலத்தின் நிலக்கரிச் சுரங்க மலைப்பகுதியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு எளிய கமெராக்களைக் கொடுத்து, தங்களையும் தங்கள் குடும்பத்தையும் தங்கள் கனவுகளையும் படம் பிடிக்கச் செய்தார். வெளியிலிருந்து வந்த ஒளிப்படக்காரர்கள் அம்மலைமக்களின் வறுமையை மட்டும் படமாக்கிச் சென்றிருந்த காலம் அது. பிள்ளைகளின் படங்களிலோ விளையாட்டும் அச்சமும் வேட்டைநாயும் பாட்டியும் இருந்தனர். அப்படங்கள் 1985 இல் நூலாக வெளிவந்தன. படத்தின் வழியாக எழுத்தையும், எழுத்தின் வழியாகப் படத்தையும் கற்பிக்கும் அவருடைய முறை பின்னர் வட கரோலினாவின் டேர்ஹாம் நகரப் பாடசாலைகளுக்கும் சென்றது. எமது பயிற்சிகளிற் சில அம்முறையைப் பின்பற்றியவை.

1989 இல் வாசிங்டன் நகரில் ஜிம் ஹபார்ட் என்ற செய்திப் படப்பிடிப்பாளர், வீடற்றோர் தங்குமிடங்களில் வாழ்ந்த சிறுவர்களிடம் கமெராவைக் கொடுத்தார். 2002 இல் சான் பிரான்சிஸ்கோவில் எழுத்தாளர் டேவ் எக்கர்ஸும் ஆசிரியை நினிவே கலிகாரியும் '826 வலென்சியா' என்ற இலவச எழுத்து மையத்தைத் தொடங்கினர். அந்தக் கட்டடம் கடை நடத்துவதற்கென ஒதுக்கப்பட்டிருந்தமையால், முன்பக்கத்தில் கடற்கொள்ளையருக்கான பொருட்களை விற்கும் வேடிக்கைக் கடை ஒன்றை வைத்து, பின்பக்கத்தில் பிள்ளைகளுக்கு எழுதக் கற்பித்தார்கள். நாமும் இங்கே முன்பக்கத்தில் ஒரு கொத்துரொட்டிக் கடை வைத்தால் வருமானத்துக்கு வருமானமாகும் என்று எமது தொண்டர் ஒருவர் பகிடியாகக் கூறுவதுண்டு.

இளையோரே, இனி உங்களைப் பார்த்துப் பேசுகிறேன். நான்கு வாரங்களில் என்ன செய்வீர்கள் என்று அறிய ஆவலாக இருப்பீர்கள்.

விலையுயர்ந்த கமெரா தேவையில்லை. கைத்தொலைபேசி போதும். அதுவும் இல்லாதவர்களுக்கு நாம் இரவல் தருவோம். ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. நாளொன்றுக்கு இருபத்து நான்கு படங்கள் மட்டுமே எடுக்கலாம். எமது காலத்துப் படச்சுருளில் இருபத்து நான்கு அல்லது முப்பத்தாறு படங்கள்தான் இருந்தன. ஒவ்வொரு அழுத்தலுக்கும் பணம் செலவானது. ஆகவே அழுத்துமுன் நின்று பார்த்தோம். அந்த நின்று பார்த்தலைத்தான் நாம் திரும்பக் கொண்டுவர விரும்புகிறோம். முதல் வாரத்தில் எல்லோரும் இந்த விதியை வெறுப்பார்கள். மூன்றாம் வாரத்தில் பன்னிரண்டு படங்களோடு திரும்பி வந்து "போதும்" என்பார்கள்.

இரண்டாவது கட்டுப்பாடு, தூரத்தில் நின்றபடி விரல்களால் திரையை விரித்துப் பெரிதாக்கக் கூடாது. அருகில் செல்ல வேண்டும். அருகில் செல்வதற்கு அந்த மனிதரோடு பேச வேண்டும். பேசினால் கதை கிடைக்கும். தூரத்திலிருந்து பெரிதாக்கி எடுத்த படம் துகள் துகளாக உடைந்துபோகும் என்பது தொழில்நுட்பக் காரணம். பேசாமல் எடுத்த படம் பெரும்பாலும் திருட்டுத்தனமாகவே தோன்றும் என்பது எனது காரணம்.

ஒளியைப் பற்றி ஒரு முழுநாள் கற்பிப்போம். நண்பகல் வெயிலில் முகத்தைப் படமெடுத்தால் கண்குழிகளில் இருள் விழும். அதே முகத்தைச் சாளரத்தின் ஓரமாக, ஒளி பக்கவாட்டிலிருந்து வீழுமாறு இருத்தினால் தோலின் ஒவ்வொரு சுருக்கமும் பேசும். உங்கள் அம்மம்மாவைக் காலையில் சமையலறைச் சாளரத்தருகே இருத்திப் பாருங்கள். சமையலறை மின்விளக்கை மட்டும் அணைத்துவிடுங்கள். மஞ்சள் ஒளியும் பகலொளியும் கலந்தால் முகத்தின் நிறம் கெட்டுவிடும். கறுத்த தோலையும் வெளிர்நிறச் சுவரையும் ஒரே படத்தில் எடுக்கும்போது, கமெரா தானாக ஒளியைக் கணித்தால் முகம் இருண்டுபோகக்கூடும். திரையில் முகத்தின்மீது விரலை வைத்து, ஒளியை முகத்துக்கு ஏற்ப அமைக்க வேண்டும். எமது முகங்கள் எத்தனையோ பாடசாலைக் குழுப்படங்களில் கரிக்கட்டையாகத் தெரிந்தமைக்கு இந்தச் சிறிய அறிவின்மையே பெரும்பாலும் காரணம்.

பிற்பகலில் எழுத்து. எமது எழுத்துப் பயிற்சியின் அடிப்படை விதி ஒன்றே: படத்தில் தெரிவதை எழுதாதே. தெரியாததை எழுது. படத்தில் அம்மம்மா இருக்கிறார் என்பது பார்ப்பவருக்குத் தெரியும். அந்த வேளையில் அடுப்பில் என்ன தாளிக்கப்பட்டது, வானொலியில் என்ன செய்தி ஓடியது, படமெடுப்பதற்கு ஒரு நிமிடத்தின் முன் அவர் எதற்காக உன்னை ஏசினார், இவை எழுத்துக்கு உரியவை. அழகு, அன்பு, தியாகம் முதலிய சொற்களை முதல் இரண்டு வாரங்களுக்குத் தடைசெய்திருக்கிறோம். "என் தாய் தியாகத்தின் உருவம்" என்று எழுதினால் நாம் அதனைக் கோடிட்டு வெட்டிவிட்டு, "என்ன செய்தார்? எந்தக் கிழமை? எத்தனை மணிக்கு?" என்று கேட்போம். ஒரு மாணவன் நெடுநேரம் யோசித்தபின் எழுதிய வரி, அவனுடைய தாய் தன் பனிக்காலச் சப்பாத்தினுள் ரொட்டிப் பையைச் சுற்றிக்கொண்டு நான்கு குளிர்காலம் நடந்தார் என்பது. அதற்குப்பின் தியாகம் என்ற சொல் அவனுக்குத் தேவைப்படவில்லை.

எந்த மொழியில் எழுதுவது? ஒவ்வோர் ஆண்டும் பெற்றோர் எழுப்பும் வினா இது. தமிழிலேயே எழுத வைக்க வேண்டும் என்று ஒரு சாரார். பாடசாலைப் புள்ளிகளுக்கு உதவும்படி ஆங்கிலத்திலேயே எழுதட்டும் என்று இன்னொரு சாரார். எமது நிலைப்பாடு, பிள்ளை எந்த மொழியில் சிந்திக்கிறதோ அந்த மொழியில் எழுதட்டும், ஆனால் பேசிய மனிதரின் சொற்களை அவர் பேசிய மொழியிலேயே பதிவு செய்யட்டும் என்பது. அப்பா தமிழில் சொன்னதை ஆங்கிலத்தில் மட்டும் எழுதினால் அப்பா பாதியாகிவிடுவார். எனவே எமது சிறு தொகுப்பு நூலில் ஆங்கிலப் பந்திகளுக்கு நடுவே தமிழ் வாக்கியங்கள் இருக்கும். சோமாலி, தகாலொக் மொழி வாக்கியங்களும் இருக்கும். தட்டச்சு செய்பவருக்குத் தலையிடி. ஆயினும் இது எமக்குப் புதிய மரபன்று. 1841 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய 'உதயதாரகை' தமிழும் ஆங்கிலமுமாக இருமொழிகளில் வெளிவந்த இதழ். அதன் முதல் ஆசிரியர்கள் இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியில் கற்ற எம்மண்ணின் இளைஞர்களே.

இனி, நான் இங்கு வரும் வழியெல்லாம் சொல்வதா விடுவதா என்று எண்ணிக்கொண்டு வந்த விடயத்துக்கு வருகிறேன். சொல்லாமல் விடுவது உங்களுக்கு நேர்மையாக இருக்காது.

எமது முதலாவது கோடையில், 2022 இல், பதினாறு வயது மாணவி ஒருத்தி தன் தந்தையைப் படம் பிடித்தாள். இரவு வேலை முடிந்து வந்தவர், வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல், வரவேற்பறைத் தரையில் உறங்கிப்போயிருந்தார். சாளரத்தின் ஒளி அவருடைய கைகளில் மட்டும் விழுந்தது. வெடித்த விரல்கள், ஒட்டுப்பட்டை சுற்றிய பெருவிரல். அதன் கீழே, தாயகத்தில் அவர் பாடசாலை ஆசிரியராக இருந்ததையும், இங்கே பொதி ஏற்றும் வேலை செய்வதையும் ஒரு பக்கத்தில் எழுதினாள். உண்மையாகவே கூறுகிறேன், எமது பட்டறையில் நான் வாசித்தவற்றுள் மிகச் சிறந்த பக்கம் அது. நாம் அதனைக் கண்காட்சியின் நடுச்சுவரில் மாட்டினோம்.

திறப்பு நாளன்று தந்தை வந்தார். புதிய சட்டை அணிந்து, மகளின் வெற்றியைக் காண வந்தார். படத்தின் முன் நீண்டநேரம் நின்றார். பின்னர் மகளிடம் மெதுவாகக் கேட்டார்: "பிள்ளை, நான் வாத்தியாராய் இருந்த படம் ஒண்டும் உனக்குக் கிடைக்கேல்லையோ?"

அவள் அழுதுவிட்டாள். அவர் கோபிக்கவில்லை, ஏசவில்லை. அதனால் எமக்கு இன்னும் பாரமாக இருந்தது. பெற்றோரின் கையெழுத்திட்ட சம்மதப் படிவம் எம்மிடம் இருந்தது. மகள் பட்டறையில் பங்குபற்றுவதற்கும் அவளுடைய ஆக்கங்களைக் காட்சிக்கு வைப்பதற்கும் அவர் சம்மதித்திருந்தார். தாம் உறங்கும் கோலத்தை ஊரார் பார்ப்பதற்கு அவரிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. சட்டப்படி நாம் சரியாக நடந்திருக்கலாம். ஆனால் நாம் நடத்துவது சட்டத்தரணி அலுவலகம் அல்ல. அன்றிரவே அப்படத்தைச் சுவரிலிருந்து இறக்கினோம்.

இதே கேள்வி பெரிய முயற்சிகளுக்கும் எழுந்திருக்கிறது. கொல்கத்தாவின் சோனாகாச்சிப் பகுதியில் வாழ்ந்த பிள்ளைகளுக்குச் சானா பிரிஸ்கி என்ற ஒளிப்படக் கலைஞர் கமெரா கொடுத்துக் கற்பித்ததைப் பற்றிய ஆவணப்படம் 2005 இல் ஒஸ்கார் விருது பெற்றது. பிள்ளைகளின் படங்களை உலகம் வியந்தது. அதே வேளையில், அவர்களுடைய தாய்மாரை உலகத்தின் முன் காட்டியது முறையா என்ற கண்டனமும் எழுந்தது. இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது என்பதே எனது எண்ணம். எங்கள் நடுச்சுவரில் நிகழ்ந்ததற்குப் பின்னர் அந்தக் கண்டனத்தை என்னால் இலேசாக ஒதுக்கிவிட முடியவில்லை.

அந்தத் தந்தை மறுவாரம் எமது அலுவலகத்துக்கு வந்தார். முறைப்பாடு செய்ய வருகிறார் என்று அஞ்சினோம். அவர் மேசையில் ஒரு காகித உறையை வைத்தார். உள்ளே, தாயகத்திலிருக்கும் உறவினர் தொலைபேசியில் அனுப்பிய படமொன்றை மருந்துக்கடையில் அச்சிட்டுக் கொண்டுவந்திருந்தார். பாடசாலை விளையாட்டுப் போட்டியொன்றில் ஊதுகுழலோடு நிற்கும் இளைஞர். "இதையும் பக்கத்திலை வையுங்கோ. அப்ப மற்றதும் இருக்கட்டும்" என்றார். இரண்டு படங்களையும் அருகருகே மாட்டினோம். மாணவி தன் பக்கத்தை மீண்டும் எழுதினாள். இம்முறை, எழுதுமுன் தந்தையோடு மூன்று மாலைகள் அமர்ந்து கேட்டாள். தன் தந்தை எந்த வகுப்புக்கு என்ன பாடம் கற்பித்தார் என்பதை அவள் அதற்கு முன்னர் அறிந்திருக்கவில்லை. கணிதம் கற்பித்திருக்கிறார். பத்தாம் வகுப்பில் கணிதத்துக்காக அவள் வெளியே பணம் கட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

அதன் பின்னர் நாம் வகுத்த நடைமுறை இதுதான். படத்தில் இருப்பவரே முதல் வாசகர். அவர் பார்த்து, வாசித்து, சரியென்று சொன்ன பின்னரே ஆசிரியருக்கு வரும். தமிழோ வேறு மொழியோ மட்டும் அறிந்தவராயின், பிள்ளை அதனை வாய்விட்டு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். வேண்டாமென்றால் வேண்டாம். காரணம் கேட்கப்படமாட்டாது. தாயகத்தில் உறவுகள் இன்னும் அச்சத்தோடு வாழும் குடும்பங்களுக்குப் பெயர், ஊர், முகம் எதுவும் வெளியிடப்படமாட்டாது. முகம் காட்டாமலே ஒரு மனிதரைப் படம் பிடிக்க முடியும். கைகள், செருப்பு, கதவருகே தொங்கும் மேற்சட்டை போதும். பெற்றோர்களே, எமது பிள்ளைகள் குடும்ப இரகசியங்களை வெளியே கொட்டிவிடுவார்களோ என்று உங்களிற் சிலர் அஞ்சுவது எனக்குத் தெரியும். அந்த அச்சம் நியாயமானது. இந்த நடைமுறை அதற்காகத்தான். ஆனால் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். நீங்கள் எதனையும் சொல்லாதிருந்தால், பிள்ளை அந்த இடத்தைத் தன் ஊகத்தால் நிரப்பிக்கொள்ளும். ஊகம் உண்மையைவிடக் கொடியதாக இருக்கலாம்.

அடுத்து, பணம். இப்பட்டறைக்குக் கட்டணம் இல்லை. இலவசம் என்றவுடன் தரம் குறைந்தது என்று எண்ணும் பழக்கம் எம்மவரிடம் உண்டு. வயலினுக்கும் நீச்சலுக்கும் தனியார் கணித வகுப்புக்கும் மாதாந்தம் நூற்றுக்கணக்கில் செலவிடும் நாம், இலவசமாகக் கிடைப்பதற்குப் பிள்ளையைப் பாதி நாள்தான் அனுப்புகிறோம். முதற்கோடையில் எமக்குப் பெரும் இடர் தந்தது இதுவே. பதிவு செய்தவர்களிற் சிலர் இரண்டாம் வாரத்தோடு நின்றுவிட்டனர். அவர்களுடைய இடத்துக்காகக் காத்திருந்த பிள்ளைகள் அதற்குள் வேறு வேலை தேடிக்கொண்டனர். வெண்டி யூவால்ட் கமெராக்களை இலவசமாகக் கொடுக்காமல் சிறு தொகைக்கு விற்றார் என்று வாசித்தபோது, அவருடைய அறிவு எனக்கு விளங்கியது. ஆயினும் நாம் கட்டணம் வைக்கப்போவதில்லை. ஒரு குடும்பத்துக்குச் சிறு தொகையாக இருப்பது இன்னொரு குடும்பத்தின் வாரச் சாமான் செலவு. பணத்துக்குப் பதிலாக உங்களிடம் ஒரு மாலை நேரத்தைக் கேட்கிறோம். ஒவ்வொரு பெற்றோரும் நான்கு வாரங்களில் ஒருமுறை வந்து பிள்ளைகளோடு அமர்ந்து, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும். அதுவே கட்டணம்.

எமது பணத்தில் ஏன் மற்ற இனத்துப் பிள்ளைகளுக்கும் கற்பிக்க வேண்டும் என்று சென்ற ஆண்டு ஓர் அன்பர் எழுந்து கேட்டார். வெளிப்படையாகக் கேட்டமைக்கு அவருக்கு நன்றி கூறினேன். மறைவில் பேசுவதைவிட அது மேல். அவருக்குச் சொன்ன பதிலையே இங்கும் சொல்கிறேன். 1986 ஓகஸ்ட் மாதம், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்ட்லாந்துக் கரையோரக் கடலில் தத்தளித்த 155 தமிழரை முதலில் கண்டு கரைசேர்க்க உதவியவர் ஒரு மீனவக் கப்பல் தலைவர். அவர் எவருடைய இனத்தையும் விசாரித்தபின் கயிறு வீசவில்லை. இது நன்றிக்கடனைப் பற்றிய பேச்சு. இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. எமது பிள்ளைகள் வாழும் அடுக்குமாடியில், ஒரே மின்தூக்கியில், பிலிப்பைன்ஸ் குடும்பமும் சோமாலியக் குடும்பமும் கரீபியக் குடும்பமும் ஏறி இறங்குகின்றன. அந்தக் கட்டடத்தின் கதையைத் தமிழ்ப்பிள்ளை தனியாக எழுத முடியாது. கடந்த கோடையில் ஒரு தமிழ் மாணவனும் ஒரு சோமாலிய மாணவியும் சேர்ந்து, தங்கள் மாடியில் மூன்று வாரமாகப் பழுதடைந்து கிடந்த மின்தூக்கியைப் பற்றிப் படங்களோடு ஒரு கட்டுரை செய்தார்கள். பன்னிரண்டாம் மாடிக்கு மருந்து கொண்டு ஏறும் முதியவரை, ஒவ்வொரு மாடியிலும் அவர் நின்று மூச்சு வாங்கும் இடத்தில், அவருடைய சம்மதத்தோடு படம் பிடித்தார்கள். குடியிருப்போர் கூட்டத்தில் அப்படங்களை வரிசையாக வைத்தபோது எவரும் உரக்கப் பேச வேண்டியிருக்கவில்லை. அடுத்த கிழமை திருத்துநர் வந்தார். அது படங்களால் நிகழ்ந்ததா, ஏற்கெனவே வரவிருந்தாரா என்பதை நான் அறியேன். பிள்ளைகள் தங்களால்தான் என்று உறுதியாக நம்புகிறார்கள். நானும் மறுக்கவில்லை.

பல்கலைக்கழக அனுமதிக்கு இது உதவுமா என்று எப்படியும் கேட்பீர்கள். மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் இது நேரடி வழி அல்ல. பொய் சொல்லி எவரையும் சேர்க்க விரும்பவில்லை. ஆனால் விண்ணப்பங்களில் தன்னைப் பற்றி எழுதச் சொல்லும்போது எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகள் வெற்றுச் சொற்களை அடுக்குவதைக் கண்டிருக்கிறேன். இங்கே பயின்றவர்கள் அவ்வாறு எழுதுவதில்லை. ஒன்ராறியோவில் உயர்பள்ளிச் சான்றிதழுக்குத் தேவைப்படும் 40 மணிநேரச் சமூகப்பணியைப் பற்றியும் சிலர் விசாரித்தீர்கள். பட்டறையில் கற்பது அக்கணக்கில் சேராது. ஆனால் முன்னைய ஆண்டுகளில் பயின்றவர்கள் இவ்வாண்டு உதவியாளராக வந்தால், பாடசாலையின் ஒப்புதலோடு அதனைச் சேர்த்துக்கொள்ளலாம்.

நடைமுறை விபரங்கள் சில. பதின்மூன்று முதல் பதினேழு வயது வரை. யூலை மாதம் முழுவதும், திங்கள் முதல் வியாழன் வரை, காலை 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை. இருபது இடங்கள்தான் உள்ளன. மதிய உணவு வழங்கப்படும். மரக்கறி உணவும் ஹலால் உணவும் தனித்தனியே உண்டு. வரும்போது ஒரு கோடிட்ட கொப்பியும், வீட்டிலுள்ள மிகப் பழைய படம் ஒன்றின் பிரதியும் கொண்டு வாருங்கள். மூலப்படத்தைத் தயவுசெய்து கொண்டுவர வேண்டாம், தொலைந்தால் எம்மால் ஈடுசெய்ய இயலாது. படம் எதுவுமே மிஞ்சாத வீடுகள் உண்டு என்பதை அறிவேன். அவ்வீட்டுப் பிள்ளைகள், இல்லாத அந்தப் படத்தில் யார் யார் நின்றிருப்பார்கள் என்று வீட்டில் கேட்டு, ஒரு தாளில் எழுதி வரலாம். முதல் நாளில் அதுவும் மற்றப் படங்களோடு அதே சுவரில் ஒட்டப்படும்.

பதிவுப் படிவங்கள் வாயிலருகேயுள்ள மேசையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. தேநீரும் வடையும் அதே மேசையில்தான். படிவத்தில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இனி உங்கள் கேள்விகளுக்கு இடம் விடுகிறேன். மூன்றாம் வரிசையில் ஓர் அம்மா நெடுநேரமாகக் கையை உயர்த்தியபடி இருக்கிறார். நீங்கள் கேளுங்கள், அம்மா.